அசெஸ்மென்ட்: மதிப்பீடா, வரிவிதிப்பா, தீர்வையா?

“வீட்டுக்கு அசெஸ்மென்ட் போட்டாச்சா?” என்று கேட்டால் வரி போட்டாயிற்றா என்று பொருள். “அசெஸ்மென்ட் இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு” என்றால் வரிப் பதிவேட்டில் உள்ள பதிவு. “அசெஸ்மென்ட்ல அநியாயமா ஏத்திட்டாங்க” என்பவர் சொல்வது, அதிகாரிகள் வீட்டுக்குப் போட்ட மதிப்பை. தமிழ்நாட்டு நகரங்களில் இந்த ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. அதனால்தான் இதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை வைத்துச் சமாளிக்க முடிவதில்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பக்கத்தில் உட்கார்தல்’ என்பதுதான் மூலப்பொருள். நீதிபதியின் அருகில் அமர்ந்து உதவி செய்தவர் ‘அசெஸர்’. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை பின்னாளில் அவர் கைக்கு வந்தது. சொல்லும் வரிக் கணக்குக்குள் நுழைந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, ‘மதிப்பிடுதல்’ என்ற பொதுப்பொருள் பிறகு வந்தது. அதற்கு முன்பே இது வரிச் சொல்.

நம் ஊரில் அந்த மதிப்பை எப்படிப் போடுகிறார்கள்? வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதில்லை. வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்ற ஊகம்தான் அடிப்படை. அதற்குப் பெயர் ஆண்டு வாடகை மதிப்பு. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் கையாண்ட கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு ஓர் அடிப்படை வீதம் உண்டு. அதைக் கட்டடப் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 12-ஆல் பெருக்க மாட்டார்கள், 10.92-ஆல் பெருக்குவார்கள்! இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? 12 மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2, நிலத்துக்கு உரியது என்று ஒதுக்கிவிடுவார்கள். மீதி 10.8 கட்டடத்தின் பங்கு. கட்டடம் தேயும், நிலம் தேயாது. எனவே 10.8-இல் மட்டும் பத்து சதவீதம் கழித்தால் 9.72. நிலத்தின் 1.2-ஐத் திரும்பச் சேர்த்தால் 10.92. 800 சதுர அடி வீடு, வீதம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மற்ற சலுகைகள் போக்கும் முன் ஆண்டு மதிப்பு 8,736 ரூபாய். இதில் குறிப்பிட்ட சதவீதம்தான் அரையாண்டு வரி.

இதுவரை நடந்தது மதிப்பீடு. அதன்மேல் சதவீதம் போட்டு, எண் கொடுத்து, உரிமையாளர் பெயரில் ஏற்றுவது வரிவிதிப்பு. பத்திரப்பதிவில் வரும் வழிகாட்டி மதிப்பு வேறு. முத்திரைத்தாள் கட்டணத்துக்கு அதைப் பார்ப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

இன்னொரு சொல்லும் இங்கே உண்டு: சீராய்வு. ஏற்கெனவே போட்ட வரியை மொத்தமாகத் திருத்துவது. சென்னையில் 1998-க்குப் பிறகு அது ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. 2018-இல் ஏற்றிய வரியை அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் வீட்டின் பரப்பை வைத்து இத்தனை சதவீதம் உயர்வு என்று அறிவித்தார்கள். எந்த வீட்டின் வாடகை மதிப்பையும் புதிதாகக் கணக்கிடாமல் பழைய தொகையை ஏற்றினால் அதை மதிப்பீடு என்று எப்படிச் சொல்வது? வரி உயர்வு என்பதே நேர்மையான பெயர்.

சரி, இந்தக் காரியத்துக்குத் தமிழில் முன்பு சொல் இல்லையா? தாராளமாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘இறை கட்டின காணிக்கடன்’ என்று வருகிறது. இறை என்றால் வரி. இறை கட்டுதல் என்றால் வரியை இவ்வளவு என்று நிர்ணயித்தல். குளம், வாய்க்கால், சுடுகாடு, ஊர்நத்தம் இவற்றை ‘இறையிலி’ என்று கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்குத்தான் நெல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வருவாய்த்துறையில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல் ‘தீர்வை’. ‘தீர்’ என்ற வினையிலிருந்து வந்தது. தீர்த்து முடிவுசெய்த தொகை. அரசு உழவரிடமே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் மண் வயனம் (மண்ணின் வகை), தரம் பார்த்து நிலத்துக்குப் போட்ட வரி அது. உங்கள் சிட்டாவை எடுத்துப் பாருங்கள், பரப்புக்குப் பக்கத்திலேயே தீர்வை இருக்கும். அரசு நிலத்திலும் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இரு வகை. அப்புறம் ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்று பெயர் வைத்ததும் இதே வேரிலிருந்துதான்.

என்னைக் கேட்டால் அசெஸ்மென்ட்டின் முழுப்பொருளையும் தாங்குகிற சொல் தீர்வைதான். ஆனால் அது வயலோடும் சுங்கத்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நகரத்து வீட்டுக்குச் சொன்னால் யாருக்கும் புரியாது. இலங்கையில் உள்ளூராட்சி அறிவிப்புகள் ‘மதிப்பீட்டு வரி’ என்கின்றன. யாழ்ப்பாணத்தில் சோலைவரி, ஆதனவரி என்ற பெயர்களும் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் எழுதும்போது, மதிப்புப் போடுவதை மதிப்பீடு என்றும், வரி போடுவதை வரிவிதிப்பு என்றும் பிரித்து எழுதலாம். அசெஸ்மென்ட் நம்பருக்கு ‘வரிவிதிப்பு எண்’ என்று அலுவலகப் படிவங்களே எழுதுகின்றன. ‘மதிப்பீட்டு எண்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும்.