கையெழுத்து வாங்கிவிட்டால் கலந்தாய்வு முடிந்துவிடுமா?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து இன்னொரு கண்மாய்த் திட்ட அறிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. கண்மாயை ஆழப்படுத்தி, ஆயக்கட்டில், அதாவது அதன் பாசன நிலத்தில், சோலார் பம்புசெட் போடுவதுதான் திட்டம். கடைசியில் வழக்கம்போல "மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது" என்று ஒரு வரி. கூடவே கிராம சபைத் தீர்மானத்தின் நகல், இரண்டு பக்கக் கையெழுத்து. எத்தனை அடி தோண்டப் போகிறார்கள் என்பது தீர்மானத்தில் இல்லை.

வரைபடத்தில் இருக்கிறது. தோண்டும் மட்டம், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும் கீழே போகிறது. மழை குறைந்த வருஷத்தில் வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிடும், மடைக்கு ஏறாது. கிணறு வைத்திருப்பவருக்கு ஊற்று கிடைக்கும், சரி. கிணறு இல்லாத கடைமடைக்காரர், செலவில்லாமல் பாய்ச்சியதை இனி வாடகை எஞ்சின் வைத்து டீசல் ஊற்றி இறைக்க வேண்டும். (ஆழம் கூடக்கூட யாருக்கு லாபம் என்று மண் லாரிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.)

இதையெல்லாம் நீர்பாய்ச்சியிடம், வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் ஊர்க்காரரிடம், கேட்டிருக்கலாம். "மடைக்கு மேல மூணு கல்லு முங்கினாத்தான் கடைசி வயலுக்குத் தண்ணி போவும்" என்று கரையில் நின்றபடியே காட்டுவார். அவர் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

"ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், வேலை நடக்காது." படித்த பொறியாளர்களே இப்படிப் பேசும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆமாம், ஆளுக்கொன்றுதான் சொல்வார்கள். மீன் குத்தகை எடுத்தவருக்குக் கோடை வரை தண்ணீர் நிற்க வேண்டும். நெல் போட்டவருக்குக் கதிர் வரும்போது மடை திறக்க வேண்டும். ஆட்டுக்காரருக்கு வற்றிய கண்மாய்ப் புல் வேண்டும். மேற்கே பட்டா வைத்திருப்பவருக்குக் கலுங்கை (உபரி நீர் வழியும் இடத்தை) அரை அடி உயர்த்தினாலும் நிலம் முங்கும். நாம் திட்டம் போடுவதே இந்தச் சண்டைக்குத்தான்! கூட்டத்தில் பேசித் தீர்க்காவிட்டால், ராத்திரியில் யாராவது கடப்பாரையோடு போய் ஷட்டரில் தீர்த்துக்கொள்வார்கள்.

சோலார் பம்புக்கு நான் எதிரி இல்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். நிலத்தடி நீர் என்ன ஆனது என்று பார்த்தோம். அதிலாவது மும்முனை மின்சாரம் வரும் நேரம் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. சோலாருக்கு வெயில் போதும். ஒரு கண்மாய்க்கு எத்தனை பம்பு, எந்தப் பயிருக்கு என்பதை, மானியம் வரும் முன்பே ஊர் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

சக பொறியாளர்களே, கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைக்காதீர்கள். பாதி ஊர் நூறு நாள் வேலையில் இருக்கும். பட்டா பட்டியலை வைத்து ஆள் கூப்பிடாதீர்கள், குத்தகைக்கு உழுபவர் அதில் இருக்க மாட்டார். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். சபையில் பேச மாட்டார்கள், களத்தில் எல்லாம் சொல்வார்கள். தோண்டும் மட்டத்தைக் கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். வரைபடம் முடியும் முன்பே போங்கள், தயவுசெய்து.

ஊர்க்காரர்களுக்கு ஒன்று. வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. தீர்மான நோட்டு கைக்கு வந்ததும், மடை மட்டம் எவ்வளவு, தோண்டும் மட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் நோட்டில் ஏறும்வரை பேனாவை வாங்காதீர்கள்.