காலையில் எடுத்த சிப்பிதானே, டொக்டர்?

பச்சைச் சிப்பி சாப்பிட்டு நோய் வந்த வீடுகளில், இந்த விடுமுறைக் காலத்தில் இது மூன்றாவது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கும் மாதம். வாவிக்கரை வீடு, முற்றத்தில் கதிரை, பேசினில் ஐஸ், அதற்கு மேல் வாய் திறந்த சிப்பி, பக்கத்தில் தேசிக்காயும் கொச்சிக்காயும். அங்கே ஒரு டசினுக்கு அவ்வளவு காசு கொடுத்துத் தின்பதை இங்கே கல்லிலிருந்து பெயர்த்தே எடுக்கலாம் என்று தம்பி சொல்ல, வீடே பச்சையாகச் சாப்பிடுகிறது. முதல் வீட்டில் ஏழு பேருக்குச் சத்தியும் வயிற்றோட்டமும், இரண்டு நாளில் தெளிந்தார்கள். இரண்டாவது வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை; திரும்பிப் போய் நாலு கிழமைக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்குச் செங்கமாரி என்று போன் வந்தது. (இங்கே வளர்ந்த பலருக்கு அது சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். தடுப்பூசி போடாமல் அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை.)

மூன்றாவது, ஒரு மாமா. ஐம்பத்தெட்டு வயது, பதினைந்து வருடச் சலரோகம், ஈரலும் பழுது. ஆறு சிப்பி. மறுநாள் பின்னேரம் நடுக்கத்தோடு காய்ச்சல், காலில் கறுத்த கொப்புளங்கள். ஆள் தப்பினார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

மூன்று வீட்டிலும் என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "காலையில எடுத்தது டொக்டர், உயிரோட இருந்தது, மறுகா எப்படி?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடித்துத்தான் வாழ்கிறது, ஒரு மணி நேரத்துக்குப் பல லீற்றர். தண்ணீரில் இருக்கும் கிருமி அதன் உடம்புக்குள் சேர்ந்துகொண்டே போகும். அது சிப்பிக்கு நோய் இல்லை; அது நன்றாக வாழும், தட்டினால் டக்கென்று ஓடு மூடிக்கொள்ளும், மணமும் ருசியும் மாறாது. செத்த சிப்பியை எறியத்தான் வேண்டும், அதற்காக உயிருள்ளது சுத்தம் என்றாகிவிடாது. நீங்கள் 'புதுசு' என்று சொல்வது எத்தனை மணிக்கு எடுத்தது என்பதை மட்டும்தான். எந்தத் தண்ணீரில் இருந்தது என்பதை அது சொல்லாது.

"எங்கட பக்கம் தண்ணி தெளிவு" என்பார்கள். மாரியில் வெள்ளம் ஓடும்போது மலசலகூடக் குழியும் வடிகானும் சேர்ந்து எங்கே போகின்றன? வாவிக்குத்தான். செங்கமாரியும் சத்தியும் அந்த வழியில் வருபவை. அந்த மாமாவுக்கு வந்த விப்ரியோ வேறு. அது அழுக்கால் வருவதில்லை, சூடான, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் இயல்பாகவே வாழும் பக்டீரியா. மட்டக்களப்பு வாவியோ பொத்துவில் களப்போ, வருடம் முழுக்க அதற்குப் பிடித்த சூடுதான். இந்த வகை இரத்தத்தில் கலந்தால் இரண்டு பேரில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள், சிலர் ஓரிரு நாளுக்குள்ளேயே.

அங்கே பச்சையாகத் தின்கிறார்களே என்றால், அங்கே எடுக்கும் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள், எடுத்ததிலிருந்து தட்டுக்கு வரும்வரை குளிரில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி சிப்பி மூட்டையோடு வரும் அட்டையை உணவகம் 90 நாள் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் செங்கமாரி வெளியே தெரிய 50 நாள்வரை ஆகலாம். அப்படியும் அங்கே ஆட்கள் சாகிறார்கள். உங்கள் பேசினில் எந்த அட்டை இருக்கிறது?

தேசிக்காய்ப் புளி கிருமியைக் கொல்லாது. கொச்சிக்காயும் கொல்லாது. சாராயமும் கொல்லாது, மாறாக, சாராயத்தில் பழுதான ஈரல்காரர்தான் முதலில் விழுகிறார். உறைய வைத்தாலும் எல்லாம் சாகாது.

சரி, சிப்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவியுங்கள். ஓட்டோடு கொதிநீரில் போட்டால், வாய் திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். திறந்ததும் இறக்குவது போதாது, அந்த நேரத்தில் உள்ளே சூடு ஏறியிருக்காது. கடைசிவரை திறக்காததை எறியுங்கள், கத்தியால் நெம்பிப் பார்க்க வேண்டாம். சதையை எடுத்துப் பால்கறி வைப்பதென்றால் நன்றாகக் கொதித்தபின் குறைந்தது மூன்று நிமிடம். வாங்கியதும் ஐஸில் வையுங்கள், வீட்டில் ஈரச்சாக்கு மூடிப் பிரிஜ்ஜில், 5 பாகைக்குக் கீழே. வாளித் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், நன்னீரில் செத்துப்போகும். பச்சைச் சிப்பி வைத்த தட்டில் அவித்ததை வைக்காதீர்கள்.

ஓடு உடைக்கும்போது தடித்த துணியோ கையுறையோ கட்டாயம். கையில் காயம் இருப்பவர், சலரோகக்காரர், ஈரல் வருத்தக்காரர் அந்த வேலையைத் தொடவே வேண்டாம், விப்ரியோ காயத்தாலும் ஏறும். இவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் ஒன்றுகூட பச்சையாகக் கொடுக்காதீர்கள், அவர்களே கேட்டாலும். காஸ்ட்ரிக் குளிசை எடுப்பவர்களையும் இதில் சேருங்கள். கிருமியைக் கொல்ல வேண்டிய வயிற்றமிலம் அவர்களுக்குக் குறைவு.

ஒரு தயவான வேண்டுகோள். சாப்பிட்ட பிறகோ ஓடு குத்திய பிறகோ காய்ச்சல், தோல் சிவந்து வீங்கல், கொப்புளம் என்று எது வந்தாலும் பெனடோல் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வந்தவுடன் சிப்பி சாப்பிட்டோம், இத்தனை மணிக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் விப்ரியோ என்று சந்தேகித்தால் நாங்கள் தொடங்கும் மருந்தே வேறு. வெட்கமோ, பிள்ளைக்குப் பழி வந்துவிடும் என்ற பயமோ, அந்த மாமாவின் வீட்டார் அதை எங்களிடம் மூன்றாம் நாள்தான் சொன்னார்கள்.