மட்கார்டை வெட்டும் முன் ஸ்டெப்னியைப் பாருங்கள்

அது ஒரு வாடிக்கையாளரின் அப்பா ஓட்டிய அம்பாசிடர். 1986 மாடல், மார்க் 4. அப்பா காலமாகி ஒரு வருடம் ஷெட்டிலேயே நின்றிருந்த வண்டியை மகன் எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார், பின்சீட்டில் அவர் அம்மா.

“பின்னாடி ஆள் உட்கார்ந்தா இடது பக்கம் டயர் உரசுதுங்கண்ணா. மட்கார்டு விளிம்பை அரை இஞ்ச் வெட்டிரலாம்னு டிங்கர் சொல்றாரு. அதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா பாத்திருங்க.”

வெட்டுவதற்கு முன் வந்ததே பெரிய விஷயம். பழைய வண்டியில் டயர் உரசினால் பலரும் முதலில் கை வைப்பது மட்கார்டில்தான். விளிம்பை வெட்டினால் சத்தம் நிற்கலாம். ஆனால் தகடு வலுவிழக்கும், வெட்டிய இடத்தில் துரு பிடிக்கும், உரசலுக்கான காரணம் அப்படியே உள்ளே இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: கம்பெனியிலிருந்து வந்த நாளில் இந்த வண்டி உரசியிருக்காது. அப்படியானால் நடுவில் மாறியது என்ன?

புது வண்டி என்றால் ஓட்டுகிறவரே சொல்லிவிடுவார். அப்பாவிடமிருந்து வந்த வண்டியில் அதைச் சொல்ல வேண்டியவர் இல்லை. அதனால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். அன்று அம்மாதான் சொன்னார்: “அவரு கடைசி ரெண்டு மூணு வருசமா பின்னாடி யாரையும் ஏத்த மாட்டாரு தம்பி. பெரிய டயரா மாத்தினப்புறம்தான் இப்படின்னு நினைக்கிறேன்.” பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிட்டது.

ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொன்னேன். நான்கு டயரையும் மாற்றுகிறவர்கள் ஸ்டெப்னியைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள், அதனால் வண்டியின் சொந்த அளவு அதில் மிஞ்சியிருக்கும். ஸ்டெப்னியில் 5.90-15 என்று இருந்தது. தரையில் இருந்த நான்கிலும் 215/75 ஆர்15. அது பொலீரோ போன்ற ஜீப் வகை வண்டிக்கான அளவு. 15 இஞ்ச் ரிம் என்பது இரண்டுக்கும் பொது, ஆகவே மாட்டிவிட முடியும். கணக்கைப் பாருங்கள். 5.90 இஞ்ச் என்றால் அகலம் 15 சென்டிமீட்டர். 215 என்றால் இருபத்தொன்றரை. அம்பாசிடர் ரிம் குறுகல் என்பதால் கொஞ்சம் ஒடுங்கினாலும், பக்கத்துக்கு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். உயரத்திலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போய்க்கொண்டிருக்கும்.

சரி, டயர்தான் காரணம் என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் டயர் பெரிதானால் இரண்டு பக்கமும் உரச வேண்டும். இங்கே உரசுவது இடது பக்கம் மட்டும். ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது என்றால் அந்தப் பக்கம் ஏதோ இறங்கியிருக்கிறது, இல்லை நகர்ந்திருக்கிறது.

பின் டயர் ஓரத்திலும் மட்கார்டின் உள்விளிம்பிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தோம். பின்சீட்டில் மூன்று பையன்களை உட்காரவைத்து வலது பக்கம் வட்டமடித்தேன். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கம் சாயும், உரசல் இருந்தால் அப்போதுதான் காட்டும். இறங்கிப் பார்த்தால், சாக்பீஸ் அழிந்திருந்தது வளைவின் உச்சியில் அல்ல, பின்பக்க ஓரத்தில். ஸ்பிரிங் பட்டைகள் படிந்தது மட்டும் என்றால் உச்சிப் பக்கம்தான் அழிந்திருக்க வேண்டும்.

முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு டேப் பிடித்தோம். அம்பாசிடருக்கு இது 97 இஞ்ச். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் அரை இஞ்சுக்கு மேல் கூடுதல். “ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடிச்சாத்தான் நேரா போகுதா?” என்று கேட்டேன். “ஆமாங்கண்ணா, அலைன்மென்ட் ரெண்டு தடவை பண்ணிட்டேன்” என்றார். முன் சக்கரத்தில் எத்தனை அலைன்மென்ட் செய்தாலும் பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் கோணலாக இருந்தால் ஸ்டியரிங் நேரே நிற்காது.

ஜாக்கி வைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, ஆக்ஸிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினோம். பட்டைகளைக் கோத்து நடுவில் போகும் சென்டர் போல்ட் துண்டாகிக் கிடந்தது. அந்த போல்ட்டின் தலைதான் ஆக்ஸிலில் உள்ள குழியில் உட்கார்ந்து அதை இடம் மாறாமல் வைத்திருக்கும். அது போனால் யூ போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் பிடி. அதுவும் தளர்ந்தால், பிரேக் மிதிக்க மிதிக்க ஆக்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகும். பெரிய டயர் இல்லாவிட்டால் இந்தச் சத்தமே வந்திருக்காது, உடைந்த போல்ட்டோடு அவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போயிருப்பார். டிங்கர் வெட்டியிருந்தாலும் அதேதான். இதை எண்ணும்போது இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

முன்பக்கம் சத்தம் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தேன். டயரின் உள்பக்கம் பிரேக் ஹோஸை, அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை, தொட்டுக்கொண்டிருந்தது, ரப்பரில் பளபளவென்று ஒரு கோடு. தயவுசெய்து இதை உங்கள் வண்டியில் இன்றே பாருங்கள். பெரிய டயர் போட்ட பழைய வண்டி எதுவானாலும், இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மட்கார்டு தேய்ந்தால் பெயின்ட் போகும். ஹோஸ் தேய்ந்தால் பிரேக் போகும்.

அப்புறம் டயரின் வயது. பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நான்கு எண் இருக்கும். இந்த வண்டியில் 1812, அதாவது 2012-ஆம் வருடத்தின் 18-ஆவது வாரம். பட்டன், அதாவது தரையில் படும் மேடுகள், நன்றாக இருந்ததால் “டயர் புதுசு” என்றே அவர் நம்பியிருந்தார். ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும். உரசிய டயரின் தோளில் வெடிப்புக்குள் நூல் தெரிந்தது.

இரண்டு பக்கப் பட்டைகளையும் இறக்கி வளைவு ஏற்றி, சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டோம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடியைத் தராது. பட்டையையும் ஒரு பக்கம் மட்டும் சரிசெய்தால் வண்டி சாய்ந்துதான் நிற்கும். டயர் ஸ்டெப்னியின் அளவுக்கே வந்தது. முன் ஹோஸ் இரண்டையும் மாற்றினோம்.

ஓட்டிப் பார்க்கும்போது அம்மாவும் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். வேகத்தடை, பள்ளம், வலது வளைவு எல்லாம் போனோம். அம்மா ஜன்னல் பக்கம் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார், எதுவும் சொல்லவில்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்லியிருந்தேன். வந்தார். எட்டு நட்டில் மூன்று, கால் சுற்றுக்கு மேல் திரும்பின.