ஏறின கியரிலேயே இறங்குங்கள்

என்னிடம் வண்டி பழகிய பையன் ஒருவன் இப்போது சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். போன மாதம் போனில் சொன்னான்: "மாஸ்டர், இங்கே கார் வாங்கறதுக்கு முன்னாடி, கார் வெச்சுக்கிற அனுமதியை ஏலத்துல எடுக்கணும். அதுவும் பத்து வருஷத்துக்குத்தான்." 1990-ல் அங்கே வந்த ஏற்பாடு அது. இருக்கிற இடம் அவ்வளவுதான், சாலைக்கென்று எவ்வளவு ஒதுக்குவது? "நம்ம ஊட்டிக்கும் அப்படி ஒண்ணு போட்டா என்ன?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. நீலகிரியும் தீவு மாதிரிதான். கடலுக்குப் பதில் சுற்றிலும் சரிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழி. மஞ்சூர் பக்கம் ஒரு குறுகல் சாலை. மேற்கே கூடலூர், அதிலும் முதுமலைச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். 2009 நவம்பர் மண்சரிவில் குன்னூர்ச் சாலையும் ரயில் பாதையும் ஒரே நேரத்தில் அறுந்தன. வாசல் எத்தனை குறைவு என்று அன்றைக்குத்தான் இங்கே பலருக்கு உறைத்தது.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள்: வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. ஹோட்டல்காரர்களுக்குக் கோபம். எனக்கு வரம்பு சரியென்றே படுகிறது, பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்றும் படுகிறது. சிங்கப்பூரில் அனுமதி ஏலம் வரும் முன்பே, 1987-ல், மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. நம் பொம்மை ரயிலை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் போல எடுத்துக்கொள்கிறது, பெட்டிகளும் நாலைந்துதான். குழந்தைகளோடு ஒருமுறை போய்வர அருமை, அவ்வளவே. கூட்டத்தைத் தாங்குவது அரசுப் பேருந்துதான். அதில் வருகிறவருக்கு இ-பாஸும் வேண்டாம். என்னைக் கேட்டால், சீசனில் காரைக் கீழே விட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள் என்பேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் தினமும் திருப்புகிற ஓட்டுநரிடம் உங்கள் உயிர் பத்திரமாக இருக்கும்.

காரில்தான் வருவேன் என்றால் ஒரே ஒரு விஷயம். மேலே ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். இறங்கும்போதுதான் வினை. பர்லியாறு பக்கம் டீக்கு நிறுத்தினால் மே மாதத்தில் பிரேக் லைனர் எரிகிற வாசனை மூக்கில் ஏறும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை வண்டி கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம் இறங்குகிறது. அத்தனை தூரமும் பிரேக்கில் காலை வைத்தே வந்தால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் ஈரம் ஏறியிருக்கும், சூட்டில் அது கொதித்துக் குமிழி விடும். அப்புறம் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த ஒரு நொடியில் ஓட்டுகிறவர் முகம் எப்படி மாறும் என்று பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ரயிலையே பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஒரு அடி சரிவு. வெறும் சக்கரத்தை நம்பாமல் நடுவில் பல் தண்டவாளம் போட்டு 1899-லேயே ஓட்டினார்கள். என்ஜினும் ஏறும்போது சரி, இறங்கும்போது சரி, பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். உங்கள் காருக்குப் பல் தண்டவாளம் கியர்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டு, சில வளைவில் ஒன்று. என்ஜின் உறுமும், உறுமட்டும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் டி-யிலேயே போட்டு இறங்குகிறார்கள். எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜினுக்குப் போகிற பெட்ரோல் தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் ஓடப் பெட்ரோல் வேண்டும். சாவியை அணைத்து இறக்குகிறவர்களும் உண்டு. ஸ்டீயரிங் கல்லாகிவிடும், நாலு மிதிக்குள் பிரேக்கும் இறுகிவிடும்.

எரிகிற வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் கோணிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள், தயவுசெய்து. மூடுபனியில் பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது.