விழுந்து எழுந்து நடந்தாலும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்

2025 ஜனவரியில் துபாய் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்பில் மோதி, பல சுற்றுச் சுழன்று நின்றது. அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் மதுரையில் குறைவு. நொறுங்கிய காரிலிருந்து அவர் இறங்கி நடந்து வருவார். "பார்த்தீங்களா சார், தல அசால்ட்டா இறங்கி வந்துட்டாரு" என்று எத்தனையோ பையன்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் முழங்கையிலோ முழங்காலிலோ கட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

அவருக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அடுத்து நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. விபத்தைச் சொல்லி, அந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் அணிக்காக அவர் ஓட்டப்போவதில்லை என்று அவருடைய அணியே அறிவித்தது. நீண்ட நேரம் வண்டி ஓட்டுவதற்கு உடம்பு தயாரா என்று யோசித்து எடுத்த முடிவு அது. அந்த யோசனைதான் நம் ஊரில் வருவதில்லை.

நான் மதுரையில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். ரிங் ரோடு, மேலூர் நான்குவழிச் சாலை, நத்தம் ரோடு மேம்பாலம், திருமங்கலம், வாடிப்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்களிடம் ஆட்கள் வருகிறார்கள். 108-இல் நினைவில்லாமல் வருகிறவரைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். விழுந்து, எழுந்து, வண்டியை நிமிர்த்தி, "ஒண்ணுமில்ல, லேசான சிராய்ப்புதான்" என்று வீட்டுக்குப் போகிறாரே, அவரைப் பற்றித்தான் என் கவலை.

2016 மார்ச் 20, மெல்போர்ன் ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபெர்னாண்டோ அலோன்சோவின் கார் முன்னால் போன காரின் பின்சக்கரத்தில் பட்டு, சுவரில் அடித்து, சரளைக்கல் பரப்பில் உருண்டு கவிழ்ந்தது. அவர் இடுக்கு வழியாக ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார். டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா பயந்துவிடக் கூடாது என்றுதான் சீக்கிரம் வெளியே வந்ததாக அப்புறம் சொன்னார். பந்தய வளாகத்து மருத்துவ மையத்தில் பார்த்துவிட்டு அனுப்பியும்விட்டார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில் விலா எலும்பு முறிந்திருந்ததும், நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து நின்றதும் தெரிந்தது. அடுத்த பஹ்ரைன் பந்தயத்தில் ஓட மருத்துவர்கள் அவரை அனுமதிக்கவில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியன், ஓட்டுகிறேன் என்று நிற்கிறார், முடியாது என்கிறார்கள் மருத்துவர்கள். பந்தய உலகில் அந்த அதிகாரம் மருத்துவர் கையில் இருக்கிறது.

அது சும்மா வந்த அதிகாரமில்லை. 1978 செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவில், ஓட்டம் தொடங்கிய உடனே நடந்த மோதலில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரோனி பீட்டர்சனின் இரண்டு காலும் நொறுங்கின. நெருப்பிலிருந்து இழுத்துக் காப்பாற்றினார்கள். நினைவோடு இருந்தார். பிழைத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். மறுநாள் இறந்துபோனார். உடைந்த எலும்பின் மஜ்ஜையிலிருந்து கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் கலந்து உறுப்புகளை அடைத்துவிட்டன. அந்த விபத்தில் ஆம்புலன்ஸ் வரவே வெகுநேரம் ஆனது. அந்த ஆண்டுதான் ஃபார்முலா ஒன்னுக்கு மருத்துவராக வந்திருந்த நரம்பியல் அறுவை நிபுணர் சிட் வாட்கின்ஸ், இதற்கப்புறம் பிடிவாதமாக நின்றார். முதல் சுற்றில் பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே மருத்துவரோடு ஒரு கார் போக வேண்டும், ஹெலிகாப்டர் தயாராக நிற்க வேண்டும், மயக்க மருத்துவர் இருக்க வேண்டும். இன்றும் அதுதான் நடைமுறை. 2020 அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்கிரிங்கில் பனிமூட்டத்தால் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்றதும், வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டம் இரண்டையும் ரத்துசெய்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை, அடிபட்டால் கொண்டுபோக வழியில்லை, அதனால் ஓட்டமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஃபார்முலா ஒன் காரில் ஒரு மருத்துவ எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் மோதலின் விசை இருந்தால் அது எரியும். எரிந்தால், ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாலும் மருத்துவ மையத்துக்குப் போயே ஆக வேண்டும். காதில் மாட்டும் கருவியிலேயே தலை எவ்வளவு உலுக்கப்பட்டது என்று அளக்கும் உணரியும் உண்டு. அடிபட்டவர் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடு. தலையில் அடிபட்டவர் தன் நிலைமை பற்றிச் சொல்வது பல நேரம் சரியாக இருக்காது. நான் தினமும் பார்ப்பதும் அதுதான்.

ஒரு கல்லூரிப் பையன். இரவில் ரிங் ரோட்டில், யார் முந்துவது என்று நண்பர்களோடு ஓட்டும்போது சறுக்கி விழுந்திருக்கிறான். ஹெல்மெட் போட்டிருந்தான், தாடைக்குக் கீழே பட்டியை மாட்டவில்லை. விழுந்ததும் அது தனியே உருண்டு போய்விட்டது. தானாகவே எழுந்தான், நண்பன் வண்டியில் ஏறினான், வழியில் டீ குடித்தார்கள். முழங்கை எரிகிறது, கட்டுப் போட்டுவிடுங்கள் என்றுதான் எங்களிடம் வந்தான். சிஸ்டர் காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "டேய், வண்டி எங்கடா?" என்று நண்பனைக் கேட்டான். "ஒத்தக்கடை மெக்கானிக்கிட்ட விட்டாச்சுடா." கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், அதே கேள்வி. நண்பன் சிரித்தான். சிஸ்டர் சிரிக்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்றாவது முறை கேட்டபோது ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காதுக்கு மேலே எலும்பில் மெல்லிய கீறல், அதற்கு உள்ளே ரத்தம் தேங்க ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் அறையிலிருந்து திரும்பும்போது, "தூக்கம் தூக்கமா வருது சார்" என்றான். அன்றிரவே அறுவை சிகிச்சை. இப்போது நன்றாக இருக்கிறான்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெலிதாக இருக்கும். அதன் உட்புறமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு கீறினால் குழாயும் கிழிந்து, எலும்புக்கும் மூளையை மூடிய உறைக்கும் நடுவில் ரத்தம் தேங்கும். முதலில் சிறு மயக்கம் வரலாம், தெளிந்துவிடும். நன்றாகப் பேசுவார், நடப்பார், சாப்பிடக்கூடச் செய்வார். ரத்தம் சேரச் சேர மூளை அமுங்கும். சிலருக்கு ஒரு மணி நேரத்தில், சிலருக்குப் பல மணி நேரம் கழித்து, தூக்கம் போல ஒன்று வரும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் தூக்கம் என்றே நினைத்துப் போர்வையைப் போர்த்திவிடுவார்கள். நேரத்துக்கு வந்தால் தலைக்காயங்களிலேயே நன்றாகத் தேறக்கூடியது இதுதான். விடியட்டும் என்று விட்டவர்களின் அம்மா அப்பாவிடம் நான் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குடித்திருந்தால் இன்னும் மோசம். "தண்ணி போட்டிருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிருவான்" என்று தயவுசெய்து யாரும் முடிவு செய்யாதீர்கள். போதையா, தலைக்குள் ரத்தக்கசிவா என்று பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கே தெரியாது.

ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லையே என்பார்கள். வெளியே அடிபடாமலும் உள்ளே கெடுதல் நடக்கும். மாட்டுத்தாவணி பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடன் பிரேக் போட்டால், பஸ் நின்றாலும் நாம் முன்னால் போய் விழுவோம் இல்லையா, மண்டைக்குள் மூளையும் அப்படித்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சட்டென்று நிற்பது, கிட்டத்தட்ட நான்காவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகம் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கினால், உடம்பு தன் எடையைப் போல 140 மடங்குக்கு மேலான விசையைத் தாங்க வேண்டும். ஒரு மீட்டருக்குள் அடங்கினால் 14 மடங்குதான். பந்தயக் காரின் மூக்கு நொறுங்குவது, ஓரத்தில் டயர்களை அடுக்கியிருப்பது, சரளைக்கல் கொட்டியிருப்பது எல்லாமே அந்த ஒரு மீட்டரை எப்படியாவது உண்டாக்கத்தான். கார் சுக்குநூறாவதால்தான் ஆள் நடந்து வருகிறார். கழுத்துக்கும் தனிக் கவசம் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனாவில், நாஸ்கார் என்ற கார்ப் பந்தயத் தொடரின் ஓட்டத்தில், ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலையைத் தோளோடு பிணைத்துவைக்கும் 'ஹான்ஸ்' கருவி அப்போதே இருந்தும் பலர் போடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நாஸ்காரில் தலை-கழுத்துக் கவசம் கட்டாயமானது, 2003-இல் ஃபார்முலா ஒன்னிலும்.

இத்தனை இருந்தும் ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் 2023-இல் மட்டும், ஜனவரியில் 59 வயது அனுபவசாலி ஒருவரும், ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். ஆம்புலன்ஸும் மருத்துவரும் காத்திருக்கும் இடத்திலேயே அப்படி. நத்தம் ரோடு மேம்பாலத்தில் ராத்திரி ஒரு மணிக்கு என்ன காத்திருக்கிறது?

தலையை மட்டும் பார்த்துவிட்டு வயிற்றை விட்டுவிடுகிறோம். பைக்கிலிருந்து விழும்போது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தும். தோலில் ஒரு சிவந்த வட்டம் தெரியும், அவ்வளவுதான். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். இளம் வயது உடம்பு ரத்தம் போகப் போகச் சமாளித்து நிற்கும், பிறகு ஒரேயடியாகச் சரியும். வயிற்றுவலியோடு இடது தோள் முனையில் காரணமில்லாமல் வலிப்பது, முகம் வெளிறுவது, குப்பென்று வியர்ப்பது, எழுந்தால் கண் இருட்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பி வாருங்கள்.

விழுந்த இடத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள், ஓடி வந்துவிடுவார்கள். ஒருவர் கையைப் பிடித்துத் தூக்குவார், ஒருவர் முகத்தைப் பார்க்க ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பார், ஒருவர் பெட்டிக்கடையிலிருந்து சோடா வாங்கி வருவார். அப்புறம் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருவார்கள். பந்தயத் தளத்தில், கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தால் இருக்கையோடு சேர்த்தே ஆளைத் தூக்குவார்கள். அதற்கென்றே கழற்றும்படி அந்த இருக்கை செய்யப்பட்டிருக்கிறது. நம்மிடம் அது இல்லை, சரி. அசைக்காமல் இருக்க நம்மால் முடியும். மூச்சு விடுகிறார், வாந்தி இல்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். தண்ணீர், சோடா, டீ எதுவும் வேண்டாம். மயங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், அறுவை சிகிச்சைக்கும் இடைஞ்சல். வண்டிகள் வரும் சாலை என்றால் முதலில் யாராவது பின்னால் போய் வண்டிகளை நிறுத்துங்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உதவிக்கு வந்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்பு வரை, தமிழக அரசு ஏற்கிறது. வரும்போது ஹெல்மெட்டையும் எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் அடி விழுந்தது என்று அது எங்களுக்குக் காட்டும். ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் அமுங்கிக் காப்பாற்றும்.

பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணி நேரம் யாராவது கூடவே இருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, கேட்டதையே கேட்பது, எழுப்பினால் எழாமல் முனகுவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி கசிவது, கை கால் மரத்துப்போவது, வலிப்பு, இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் என்றால் அடி சின்னதாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

மறுபடி எப்போது வண்டி எடுப்பது? 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் பைக் பந்தய வீரர் மார்க் மார்கெஸ் விழுந்து மேல்கை எலும்பை முறித்துக்கொண்டார். சில நாளில் தகடு வைத்து அறுவை சிகிச்சை, அந்த வார முடிவிலேயே மறுபடி பைக். முடியாமல் இறங்கினார். ஆகஸ்டில் அந்தத் தகடு உடைந்தது. கடைசியில் நான்கு அறுவை சிகிச்சைகள், அந்த சீசன் முழுவதும் போனது. மோட்டோ ஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடரின் சாம்பியன் அவர், சுற்றிலும் நல்ல மருத்துவர்கள். தலைக்கு அடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கேன் நன்றாக இருந்தாலும், தலைவலியும் கிறுகிறுப்பும் முழுதாகப் போய், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பைக் ஓட்டக் கூடாது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் முதல் அடியைவிட அதிகமாகக் கெடுக்கும். பையன் "நல்லாத்தான்மா இருக்கேன்" என்பான். வண்டிச் சாவியை அதுவரை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.