பயிற்றுநரின் தொப்பையை எடுத்துவிட்டால் போதுமா?

இந்த வருடத்தில் இது மூன்றாவது மலர். அச்சுக்கான பிளேட் அடித்தாயிற்று, ராத்திரி 11 மணிக்குப் போன். "அண்ணே, அந்த ஏழாம் பக்கத்தை நிறுத்திடுங்க."

பினாங்கில் ஜார்ஜ்டவுன் பக்கம் 18 வருடமாக மலர் வடிவமைக்கிறேன். சாரணர் போன்ற பள்ளிச் சீருடை இயக்கங்களின் முகாம் மலர், தேசிய சேவைப் பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளைகளின் ஒன்றுகூடல் மலர் என்றால் அந்த ஏழாம் பக்கம் மாதிரி கேலிச்சித்திரப் பக்கம் ஒன்று இருந்தே தீரும். அணிவகுப்பில் தூங்குகிறவன், தொண்டை கிழியக் கத்தும் பயிற்றுநர், வேகாத சோறு. எனக்கும் அந்தப் பக்கம்தான் பிடிக்கும்.

எரிச்சல் வருவது வேறு இடத்தில். கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவி: "மேல இருக்கிறவங்களைக் கிண்டல் பண்றதை எடுத்துட்டோம் அண்ணே, இனி பிரச்சினை வராது." எடுத்தது பயிற்றுநரின் தொப்பையை. விட்டுவைத்தது, சமையற்கட்டு அக்காவை எட்டிப் பார்க்கும் பையன்களையும், இருட்டில் பல் மட்டும் தெரியும் கறுத்த பையனையும். அந்த அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் அச்சுக்கு முந்தைய புரூஃபைப் பார்த்துவிட்டான், அதனால்தான் அந்தப் போன். (பிளேட் காசை யார் தருவது என்று இன்னும் பேசவே இல்லை.)

பட்டாளத்துக் கேலிக்கு மேலதிகாரியால்தான் ஆபத்து என்பது பெரிய தப்புக் கணக்கு. அமெரிக்க நாளிதழ்களில் வந்த 'பீட்டில் பெய்லி' படக்கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் கல்லூரி மாணவனாக ஆரம்பித்த சோம்பேறியை, அதை வரைந்த மோர்ட் வாக்கர் அடுத்த வருடமே அமெரிக்க ராணுவத்தில் சேர்த்துவிட்டார். அதிகாரிகள்மேல் மரியாதை போய்விடும் என்று ராணுவத்தினருக்கான 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ்' நாளிதழின் டோக்கியோ பதிப்பு 1954இல் அதைத் தூக்கியது. அந்தத் தடையே விளம்பரமாகி இன்னும் பல நாளிதழ்கள் அதை வாங்கிப் போட்டன. 2000இல் அதே ராணுவம் வாக்கருக்கு விருது கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் கேலிச்சித்திரக்காரர் பில் மால்டின் சேறும் தாடியுமாகச் சிப்பாய்களை வரைந்ததற்கு அமெரிக்க ஜெனரல் பேட்டன் 1945இல் நேரில் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார். அந்த வருடமே மால்டினுக்குப் புலிட்சர் பரிசு.

ஆனால் அதே பீட்டில் பெய்லியில், கிழட்டு ஜெனரல் தன் செயலாளர் மிஸ் பக்ஸ்லியை வாய் பிளந்து பார்ப்பதையே ஜோக்காக வைத்து 1971இலிருந்து ஓட்டினார்களே, அதன்மேல் வந்த புகார் வருடக்கணக்கில் விடவே இல்லை. கடைசியில் 1997இல் கதைக்குள்ளேயே ஜெனரலைப் பெண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்ற வகுப்புக்கு அனுப்பவேண்டி வந்தது. (1970இல் லெப்டினன்ட் ஃபிளாப் என்ற கறுப்பின அதிகாரி வந்ததற்கே சில பத்திரிகைகள் கோபித்துக்கொண்டன. அந்தத் தப்பு படத்தில் இல்லை, பார்த்த கண்ணில்.)

ஆகவே தயவுசெய்து, படத்தைச் சங்கத் தலைவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டோம் என்று என்னிடம் வராதீர்கள். படத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். சிரித்தால் போடலாம். சிரிக்காமல் "பரவாயில்லை தம்பி" என்றால் போடக்கூடாது, அது சம்மதமில்லை. மலாய்க்காரர், சீனர் பேச்சைக் கிண்டல் செய்திருந்தால் முகாமில் கூட இருந்த அந்தப் பிள்ளைகளுக்கே முதலில் அனுப்புங்கள். நிறத்தை வைத்து ஜோக் வேண்டவே வேண்டாம். எதுவானாலும் பிளேட்டுக்கு முன்னால் சொல்லுங்கள், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

சரி, அந்த ஏழாம் பக்கத்துக்குப் பழைய தொப்பைப் படத்தையே கேட்டு வாங்கினேன். பயிற்றுநரிடம் காட்டியிருக்கிறார்கள். மீசை சரியாக வரவில்லையாம், அதை மட்டும் திருத்தச் சொன்னாராம்.