தேசிக்காய் கட்டியும் சரிவராத தராசு

சுன்னாகத்தில் வெங்காயம் மொத்தமாக வாங்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய இலத்திரனியல் தராசை ஒரு சின்னப் பெட்டியால் நெட்வேர்க்கில் இணைத்தேன். தராசில் 48.50 கிலோ நிற்கிறது, கணினியில் ஒருதரம் 4, இன்னொருதரம் 8 என்று விழுகிறது. நாவூறு என்று சொல்லி வீட்டில் தேசிக்காய் கட்டிவிட்டார்கள். என்ன செய்யலாம்?"

அந்தப் பெட்டிதான் டிவைஸ் சேர்வர். தராசின் சீரியல் போர்ட்டிலிருந்து, அதாவது தரவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விடும் வாயிலிருந்து, பிட் பிட்டாக (0, 1 ஆக) வருவதை வாங்கி, ஈதர்நெட் என்ற நெட்வேர்க் வயரில் பொதி கட்டி அனுப்பும். வேகம், டேட்டா பிட் (எழுத்தைச் சுமப்பவை), பரிட்டி (பிழை பார்க்கும் பிட்), ஸ்டொப் பிட் (எழுத்து முடிந்ததைச் சொல்வது) இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் குப்பை எழுத்துத்தான் வரும். இவருக்கு இலக்கங்கள் சுத்தமாக வருகின்றன. சரி, அங்கே பிழையில்லை.

பிழை பொதி கட்டுவதில். செய்தி எங்கே முடிகிறது என்று சீரியல் வயருக்குத் தெரியாது, எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சொட்டிக்கொண்டிருக்கும். பொதியை எப்போது அனுப்புவது? பருத்தித்துறை மினிபஸ் எப்போது வெளிக்கிடும் என்ற அதே கேள்விதான். ஆட்கள் நிறைந்ததும் எடுக்கலாம். அது பொதி நீளம். கொஞ்ச நேரம் ஒருவரும் ஏறாவிட்டால் எடுக்கலாம். அது காத்திருப்பு நேரம். கடைசியாக ஏறுபவர் இன்னார் என்று தெரிந்தால், அவர் ஏறிய கையோடு எடுக்கலாம், அது முடிவெழுத்து.

இவருடைய அமைப்பில் வேகம் செக்கனுக்கு 1200 பிட், காத்திருப்பு 5 மில்லிசெக்கன். கணக்குப் பாருங்கள். ஸ்டார்ட் 1, டேட்டா 7, பரிட்டி 1, ஸ்டொப் 1: ஓர் எழுத்துக்கு 10 பிட். செக்கனுக்கு 120 எழுத்து. அதாவது ஓர் எழுத்து வந்து 8.3 மில்லிசெக்கன் கழித்தே அடுத்தது வரும். கொண்டக்டரோ 5 வரைதான் பொறுப்பார். ஆளுக்கொரு பஸ் விட்டுவிட்டார்! பயணி 1 பைட், அவரைச் சுமக்கும் டிசிபி, ஐபி (நெட்வேர்க்கில் தரவை அனுப்பும் விதிமுறைகள்) தலைப்புகள் குறைந்தது 40 பைட். இதே தராசு 9600 வேகத்தில் ஓடியிருந்தால் எழுத்துக்கு 1 மில்லிசெக்கன்தான், 5 தாராளமாகப் போதும்.

காத்திருப்பை 30 மில்லிசெக்கன் ஆக்கினால் என்ன? இடைவிடாமல் எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும் தராசென்றால் பஸ் நேரத்துக்கு வெளிக்கிடாது. முடிவெழுத்துத்தான் நல்லது. பல தராசுகள் ஒவ்வொரு எடையின் முடிவிலும் 13, 10 என்ற எண்களால் குறிக்கப்படும், கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளை அனுப்பும். டெலிபிரிண்டர் காலத்து மிச்சம் அது: 13 அச்சை இடது ஓரத்துக்குக் கொண்டுவரும், 10 தாளை ஒரு வரி உருட்டும். தாள் போய்விட்டது, கட்டளை இன்னும் இருக்கிறது. பெட்டியில் முடிவெழுத்தாக 10ஐக் கொடுங்கள்.

இங்கே ஒரு ஆதங்கம். கணினியோடு சேராது என்று எங்கள் ஆய்வுகூடங்களில் மூலையில் போட்ட கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். புதியதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுமுன் அவற்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், ஒன்பது ஊசி சீரியல் போர்ட் ஒன்று இருக்கக்கூடும்.

தேசிக்காயை அவிழ்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் மென்பொருள் எழுதிய பொடியனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: டிசிபி எழுத்துகளின் வரிசையைக் காக்கும், பொதியின் எல்லையைக் காக்காது. வந்ததை வந்தபடி எடையென்று எடுக்காமல், 10 வரும்வரை சேர்த்துவைத்து வாசிக்கட்டும்.